ஒரு சிட்டிகை சுண்ணாம்பு

அழகியமணவாளன் பதினாறு வருஷமாகக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் காலேஜ் கேட்டுக்கு வெளியே எடுத்துக்கொண்டு போனதில்லை.

திருச்சியில் ஒரு காலேஜில் அவர் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது, மேடையில் நின்று பாடம் சொல்கிறவர் வேறு. லேபில் பையன்கள் மூக்கைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறவர் வேறு. இவர் இரண்டாவது ரகம். அமிலம் புளிக்கும், காரம் கையில் வழுவழுக்கும், இரண்டும் சரிக்குச் சரி கலந்தால் உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும் என்பதை ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, ஒரே இடத்தில் இருமி, ஒரே குரலில் சொல்லி வந்தார். நீல லிட்மஸ் அமிலத்தில் சிவக்கும், மஞ்சள் தடவிய காகிதம் காரத்தில் சிவக்கும் என்பதும் அந்த நோட்டில் இருந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் நோட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். கூடவே கெமிஸ்ட்ரியையும் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுவார்.

ஸ்ரீரங்கத்தில் அவர் கீழ உத்திர வீதிக்காரர். பஞ்சகச்சம், கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு, நெற்றியில் திருமண், நடுவே ரத்தச் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஐயங்கார்களில் இரண்டு கலை. தென்கலையார் மூக்கின் மேல் பாதம் இறக்கித் திருமண் இட்டு, நடுக்கோட்டைச் சிவப்பாக இடுவார்கள். வடகலையார் பாதம் இல்லாமல் வளைத்து, நடுக்கோட்டை மஞ்சளாக இடுவார்கள். இரண்டு பேருக்கும் பெருமாள் ஒருவர்தான். ஆனால் அதைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வித்தியாசம் மொத்தம் பதினெட்டு என்பார்கள். பதினெட்டையும் தடுமாறாமல் சொல்லக்கூடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நிறம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டுக்குப் போக அது போதும்.

1958 ஆனி மாதம். அழகியமணவாளனின் மகள் ரங்கநாயகிக்கு வரன் குதிர்ந்திருந்தது. குதிர்ந்திருந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் இரண்டு வரன்கள் ஜாதகத்தோடு திரும்பிப் போயிருந்தன. ரங்கநாயகி பி.யூ.ஸி.யில் கெமிஸ்ட்ரியில் ஃபர்ஸ்ட் கிளாஸ். மேலே பி.எஸ்ஸி. படிக்கவேண்டும் என்றாள். "அதெல்லாம் உன் ஆம்படையானைக் கேட்டுக்கோ" என்று அவள் அம்மா வேதவல்லி முடித்துவிட்டாள். முதலில் வந்த இரண்டு வரன்களிடமும் அவள் நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் அவை திரும்பிப் போயின என்பது வேதவல்லியின் கட்சி.

மூன்றாவதாக வந்தவன் சடகோபன், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் ஆபீஸில் கிளார்க். பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு அவனாகவே, "கெமிஸ்ட்ரி இவ்வளவு நன்னா வரதே, அடுத்த வருஷம் பி.எஸ்ஸி. சேர்ந்துக்கலாமே" என்று சொன்னான். ரங்கநாயகி அன்றைக்கு ராத்திரி முழுக்க, பாத்திரம் தேய்க்கும்போதுகூட, பாடிக்கொண்டிருந்தாள். மகள் பாடி அழகியமணவாளன் கேட்டதேயில்லை. இந்தக் கல்யாணம் நடந்துவிடவேண்டும் என்று அவர் அந்த நிமிஷம் மனசுக்குள் பெருமாளைக் கெஞ்சினார்.

தடங்கல் என்று ஒன்று இருந்தால் அது சடகோபனின் தகப்பனார் எம்பார் ஐயங்கார்தான். ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்டிரார். முப்பது வருஷம் பத்திரங்களில் அடித்தல் திருத்தல் தேடியவர். ரிட்டயர் ஆனபிறகு பத்திரம் கிடைக்காததால் மனிதர்களில் தேட ஆரம்பித்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏழு தலைமுறையா அந்தப் பக்கம் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லையே?" அந்தப் பக்கம் என்றால் வடகலை. இல்லை என்று அழகியமணவாளன் அடித்துச் சொன்னார். ஆவணியில் முகூர்த்தம் பார்த்தாயிற்று.

அந்த வருஷம் காலேஜில் ஒரு புது உத்தரவு. கெட்டி ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து பையன்களுக்கு வேண்டியதைத் தயார் செய்வது அதுவரைக்கும் அட்டெண்டர் இருதயநாதனின் வேலை. போன வருஷம் அவர் கையைச் சுட்டுக்கொண்டார். ஆகவே இனிமேல் படித்தவர்களே சுட்டுக்கொள்ளட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஆவியை வெளியே தள்ளும் காற்றாடி இரண்டு வருஷமாகச் சுற்றவில்லை. அதைப் பற்றி ஏழு கடிதம் எழுதி, எட்டு பதில் வந்திருந்தது.

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அழகியமணவாளன் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஜாடியின் மூடியைத் திருகினார். இறுகியிருந்தது. மூச்சைப் பிடித்துத் திருகினார். மூடி விட்டுக்கொடுத்ததும் வெண்மையாகப் புகை குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு, அதே ஆவிக்கு நடுவில் குனிந்து நின்று ஒன்றரை மணி நேரம் அளந்து ஊற்றினார்.

மத்தியானம் இருதயநாதன் உள்ளே வந்தார். தென்னூர்க்காரர், ஐம்பது வயசு, சர்ச்சில் ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் நிற்கிறவர். அழகியமணவாளனைப் பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு பீக்கரை எடுத்துத் துடைத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. காலையில வரும்போது நாமம் சிவப்பாத்தானே போட்டிருந்தீங்க?"

"ஏன்?"

"இப்ப மஞ்சளா இருக்குங்க."

அழகியமணவாளன் அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார். பாதம் தென்கலைப் பாதம். நடுக்கோடு சுத்தமான மஞ்சள். ஸ்ரீசூர்ணம் என்பது மஞ்சள் பொடி. அதில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது. ஆசிட் ஆவி பட்டால் சுண்ணாம்பு செத்துப்போய் மஞ்சள் பழையபடி மஞ்சளாகிவிடுகிறது. இதைப் பையன்களுக்குக் காகிதத்தில் செய்து காட்டி, மார்க்கும் போட்டிருக்கிறார். தன் நெற்றியும் ஒரு காகிதம்தான் என்பது அவருக்குப் பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

"துடைச்சிடுங்க சார்" என்றார் இருதயநாதன்.

"வெறும் நெத்தியோட வீதிக்குள்ள போனா ஆத்துல யாரு போயிட்டான்னு கேப்பா."

இருதயநாதன் யோசித்தார். இருபது வருஷம் பாட்டில் கழுவியதில் அவருக்கும் கொஞ்சம் கெமிஸ்ட்ரி ஒட்டியிருந்தது. அலமாரியிலிருந்து அமோனியா பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து, அழகியமணவாளனின் நெற்றிக்கு நேரே பிடித்தார். ஆசிட் ஆவியும் அமோனியா ஆவியும் சந்தித்து, டெமான்ஸ்ட்ரேட்டரின் தலையைச் சுற்றித் திவ்வியமாக வெண்புகை எழுந்தது.

"அமோனியம் குளோரைடு" என்றார் அழகியமணவாளன், கண்ணை மூடிக்கொண்டே, பழக்கதோஷத்தில்.

புகை விலகியபோது நெற்றி மறுபடி சிவந்திருந்தது. அசல் நிறம் இல்லை, செங்கல் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் பழுதில்லை. இருதயநாதனுக்கு இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினார். எதிர் ஸீட்டில் குடையைக் காலுக்கிடையில் நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எம்பார் ஐயங்கார்.

"வாங்கோ ஸ்வாமி" என்றார் எம்பார். முகத்தில் முழுப் பிரியம். சமையலுக்கு ஆள் பேசியது, நாதஸ்வரத்துக்குச் சொன்னது எல்லாம் ஆரம்பித்தார்.

இங்கேதான் அழகியமணவாளனின் பதினாறு வருஷப் படிப்பு அவரைக் கைவிட்டது. சுண்ணாம்பு போட்ட சிவப்பு நிற்கும். அமோனியா போட்ட சிவப்பு நிற்காது. அமோனியா காற்றோடு பறந்துபோகிற சரக்கு. அது பறந்துபோனால் சிவப்பும் கூடவே போய்விடும். இதுவும் நோட்டில் இருந்தது. நோட்டு டிராயரில் இருந்தது.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ஆனி மாதக் காற்று ஜன்னல் வழியாக அள்ளிக்கொண்டு அடித்தது. அழகியமணவாளன் "ஆஹா, என்ன சுகம்" என்று முகத்தைக் காற்றுக்கு நேராகவே காட்டினார். எம்பார் பந்தல்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாலத்தின் நடுவில் நிறுத்தினார். மாம்பழச் சாலையில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திருவானைக்கோவிலில் இன்னொரு தரம் துடைத்தார். ஸ்ரீரங்கத்தில் குடையை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

அழகியமணவாளன் வீட்டுக்குள் நுழைந்ததும் வேதவல்லி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "ஏன்னா, நெத்தியில என்ன கோலம் இது?" என்றாள். அவர் போய் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் எம்பார் வந்தார். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை.

"காவேரிக்கு அந்தண்டை சிவப்பு, இந்தண்டை மஞ்சள். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஒரு பத்திரத்துல ரெண்டு மசி இருந்தா அதுக்கு என்ன பேர்னு எனக்குத் தெரியும் ஸ்வாமி. முப்பது வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன்."

"அது ஆசிட் புகை பட்டு..." என்று அழகியமணவாளன் ஆரம்பித்தார்.

"புகை பட்டா கருக்கும். மஞ்சளாகுமா?"

எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அழகியமணவாளனுக்கு இல்லை. பதினாறு வருஷமாக யாரும் அவரை எதிர்க்கேள்வி கேட்டதில்லை. எம்பார் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவர் கையெழுத்திலேயே, அவர் பாஷையிலேயே எழுதியிருந்தது. திருச்சிராப்பள்ளி ஜில்லா ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் வசிக்கும் அழகியமணவாளன் ஆகிய நான் என் சுயநினைவுடனும், பிறருடைய தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றியும் எழுதிக் கொடுத்த பிரமாணம் என்னவென்றால், ஏதோ ஒரு சபலத்தில் மேற்படி நெற்றியில் மஞ்சள் தரித்தது வாஸ்தவம் என்றும், இனி அவ்வாறு செய்வதில்லை என்றும்.

"ஞாயித்துக்கிழமை, வீதிப் பெரியவா அஞ்சு பேர் முன்னாடி இதுல கையெழுத்துப் போட்டுப் பிராயச்சித்தம் பண்ணிண்டா, ஆவணியில கல்யாணம். இல்லேன்னா ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

அவர் போனதும் அழகியமணவாளன் பேனாவைத் தேடினார். இதைச் சொல்லாமல் இருக்கமுடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மனிதர் அப்போதே போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைத்தார்.

ரங்கநாயகி சமையல் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் கொடுக்கப் போறேளா அப்பா?"

"ஒரு கையெழுத்துதானேம்மா. உனக்காகத்தான்."

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம். நெஜத்தைச் சொல்ல வாய் வரலேன்னா, கையால காமிங்கோ."

அவள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பெருமாள் அறையிலிருந்து ஸ்ரீசூர்ணப் பெட்டியை எடுத்து ஒரு சிட்டிகை தட்டில் போட்டாள். ரசத்துக்கு நறுக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் அரை மூடியைப் பிழிந்தாள். சிவப்பு, கண் எதிரில், மஞ்சளாக மாறிற்று. வேதவல்லி "பெருமாளே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரங்கநாயகி வெற்றிலைப் பெட்டியிலிருந்து விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து அதில் குழைத்தாள். மஞ்சள் சிவப்பாயிற்று. விரலைக் கழுவிக்கொண்டு ரசத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அழகியமணவாளன் வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அரை மூடி எலுமிச்சம்பழத்தில் முடிகிற விஷயத்துக்கு அவர் குற்றப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கிளம்பியிருந்தார். மறுநாள் காலையில் மகள் ஒரு சின்ன டப்பாவில் ஸ்ரீசூர்ணமும், கையகலக் கண்ணாடி ஒன்றும் அவர் கோட்டுப் பையில் போட்டு அனுப்பினாள். "இனிமே அமோனியா வேண்டாம்" என்றாள்.

லேபுக்கு வந்தால் கண்ணெதிரே செய்து காட்டுவதாக அழகியமணவாளன் எம்பாருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் எம்பார் காலேஜுக்கு வந்தார். வரமாட்டார் என்றுதான் அழகியமணவாளன் நம்பியிருந்தார். ஆனால் ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்டிராருக்கு ஸ்தலத்தைப் பார்வையிடுவது என்றால் அழைப்புக்கூடத் தேவையில்லை. லேபில் இருதயநாதன் மட்டும் இருந்தார்.

அழகியமணவாளன் தன் டப்பாவை எடுத்ததும் எம்பார் கையை உயர்த்தினார்.

"உங்களோடது வேண்டாம். அதுல என்ன கலந்திருக்கேளோ." மடியிலிருந்து தன்னுடைய வெள்ளிச் சிமிழை எடுத்தார். "இது எங்காத்து ஸ்ரீசூர்ணம். என் கையால இழைச்சது. இதை மாத்திக் காட்டுங்கோ பார்க்கலாம்."

அழகியமணவாளன் ஒரு சிட்டிகை எடுக்கப் போனார்.

"சிட்டிகை என்ன சிட்டிகை. ஒரு சிட்டிகைன்னா கண்ணைக் கட்டிடலாம். முழுசாக் கொட்டுங்கோ."

சிமிழ் முழுவதும் பீங்கான் கிண்ணத்தில் விழுந்தது. அழகியமணவாளன் நீர்த்த ஆசிட் பாட்டிலை எடுத்தார். எம்பார் அதையும் தடுத்தார். "தண்ணி கலந்தது வேண்டாம். கலப்படமில்லாத அசல் எது, அதை ஊத்துங்கோ." கெட்டி ஆசிட் ஜாடி திறந்தது. காற்றாடி வழக்கம்போல் சும்மா இருந்தது. எம்பார் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, சந்தேகத்துக்குரிய கையெழுத்தைப் பார்க்கிறவர் மாதிரி, கிண்ணத்துக்கு நாலு விரற்கடை மேலே முகத்தை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா" என்றார் இருதயநாதன்.

"தள்ளி நின்னா யார் கை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

மஞ்சளாயிற்று. இருமிக்கொண்டே மறுபடி ஊற்றச் சொன்னார். மறுபடியும் மஞ்சள். அழகியமணவாளன் அதில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, சுண்ணாம்பைக் குழைத்துக் காட்டினார். சிவந்தது. திரும்ப ஆசிட், மஞ்சள். திரும்பச் சுண்ணாம்பு, சிவப்பு. அவருக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, மார்க் வேண்டாத ஒருவர் அவருடைய கெமிஸ்ட்ரியைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

எம்பார் கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தார்.

"அப்போ, அந்தப் பக்கத்துல அவா மஞ்சளா இட்டுக்கறாளே, அது?"

அழகியமணவாளன் வாயைத் திறக்கத் தயங்கினார். கலையும் தெரியாத, கேஸும் தெரியாத இருதயநாதன்தான் பதில் சொன்னார்.

"அதே மஞ்சள்தாங்க ஐயா. சுண்ணாம்பு சேர்க்கலை, அவ்வளவுதான்."

எம்பார் ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எங்க ஊர்ப் பெருமாள் கோயில் யானைக்கு எந்தத் திருமண் சாத்தறதுன்னு எங்க தாத்தா பன்னிரண்டு வருஷம் கேஸ் நடத்தினார். மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு நடையா நடந்தார். தீர்ப்பு வரதுக்குள்ள யானை செத்துப் போச்சு. கூடப் பிறந்த தங்கை அந்தப் பக்கத்து ஆத்துல வாழ்க்கைப்பட்டான்னு, சாகற வரைக்கும் அவர் அவ மொகத்துல முழிக்கலை. அவ வாசல்ல வந்து நின்னு அழுதிருக்கா. நான் பார்த்திருக்கேன், எனக்கு அப்போ ஆறு வயசு. எல்லாம் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கா?"

அழகியமணவாளனுக்கு அந்த மனிதர் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. அது வந்த வேகத்திலேயே போகும்படி எம்பார் எழுந்து நின்றார்.

"இருக்க முடியாது. இது ஏதோ வித்தை. உங்க நெத்தி மாறலாம், ஸ்வாமி. உங்களுக்குப் பிடிப்பு அவ்வளவுதான். நம்பிக்கை உள்ளவன் நெத்தி மாறாது. இப்படிப் பேசற ஆத்துலேர்ந்து எங்களுக்குப் பெண் வேண்டாம். ஜாதகத்தை நாளைக்கு அனுப்பிடறேன்."

குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நம்பிக்கை உள்ளவரின் நெற்றியில், பாதத்துக்கு மேலே, பளிச்சென்று மஞ்சள் ஒரு கோடு.

இருதயநாதன் அழகியமணவாளனைப் பார்த்தார். அழகியமணவாளன் இருதயநாதனைப் பார்த்தார். எம்பார் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அழகியமணவாளனுக்கு ஆயுள் பழக்கம். எம்பார் இப்படியே பஸ் ஏறுவார், இப்படியே இறங்குவார், இப்படியே சித்திரை வீதியில் கடை கடையாக நின்று, கீழ உத்திர வீதிக்காரன் நெற்றி மஞ்சளான கதையைச் சொல்வார். கேட்கிறவர்கள் கதையை விட்டுவிட்டுக் கதை சொல்கிறவரைப் பார்ப்பார்கள். நினைக்கவே தித்தித்தது. ஆனால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடிய பெண் நினைவுக்கு வந்தாள். தெருவே சிரிக்கும்படி ஆகி வீடு திரும்பிய மனிதர் அந்தப் பெண்ணை மருமகளாக ஏற்கமாட்டார்.

"ஸ்வாமி, ஒரு நிமிஷம்" என்றார். கோட்டுப் பையிலிருந்து கையகலக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

எம்பார் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். வெளியே யாரோ பையன்கள் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. மெதுவாகத் திரும்பி வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். கை தானாகச் சிமிழைத் திறந்தது. அது காலி.

"அமோனியா காட்டவாங்க?" என்றார் இருதயநாதன் பரிவாக.

"அது பாலம் வரைக்கும்தான் தாங்கும்" என்றார் அழகியமணவாளன். தன் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். சற்று முன்னால் கலப்படம் என்று ஒதுக்கப்பட்ட அதே ஸ்ரீசூர்ணம். எம்பார் எடுத்தார். கண்ணாடியைப் பார்த்து இட்டுக்கொண்டார். கோடு மூக்குப் பக்கம் கோணிக்கொண்டு போயிற்று.

"நீங்களே இட்டு விடுங்கோ" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

அழகியமணவாளன் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்து, ஒரு தகப்பன் குழந்தைக்கு இட்டுவிடுவதுபோல் நிதானமாக இட்டுவிட்டார். கெட்டி ஆசிட் ஜாடியை இருதயநாதன் தூரக் கொண்டுபோய் வைத்தார்.

எம்பார் கண்ணைத் திறந்தபோது பாதி சப்-ரிஜிஸ்டிராராகத் திரும்பியிருந்தார். காகிதமும் பேனாவும் கேட்டார். இந்தத் தடவை பிரமாணம் இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. இன்ன தேதியில் இன்ன இடத்தில் கண்ட எதையும் எக்காலத்திலும் எவரிடத்திலும் சொல்வதில்லை, செய்து காட்டுவதும் இல்லை என்று இருவரும் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். இருதயநாதன் சாட்சி. தான் எதற்குச் சாட்சி என்பது அந்தப் பத்திரத்தைப் படித்தால் அவருக்கே விளங்கியிருக்காது. பழைய பிரமாணத்தை எம்பார் நாலாகக் கிழித்தார்.

"ஆவணியில கல்யாணத்தை வச்சுக்கலாம்" என்றார். பிறகு, உண்மை தொண்டையில் நின்றுகொண்டு உபத்திரவம் செய்ததாலோ என்னவோ, மெல்லச் சொன்னார்: "நீங்க காமிச்சதுக்காக இல்லை ஸ்வாமி. என் நெத்தியும் மாறிடுத்தே, அதுக்காக."

வீட்டில் ரங்கநாயகி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள்.

"கல்யாணம் உண்டு" என்றார் அழகியமணவாளன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

அவள் முகம் மலர்ந்தது. அதை அவர் ஆசை தீரப் பார்த்துக்கொண்டார்.

"அவருக்குப் புரிஞ்சுதா அப்பா?"

"நன்னாப் புரிஞ்சுது. அதான் பயந்துட்டார்."

"நீங்க பயப்படலையே?"

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகள் நகரவில்லை.

"என்ன எழுதிக் கொடுத்துட்டு வந்தேள்?"

வேறு வழியில்லாமல் சொன்னார். எக்காலத்திலும், எவரிடத்திலும், செய்து காட்டுவதும் இல்லை. பதினாறு வருஷமாகப் பையன்களுக்குச் சொல்லித் தந்ததைத் தன் கையாலேயே ரத்து செய்துவிட்டு வந்திருப்பது, அதை மகளிடம் வாய்விட்டுச் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரங்கநாயகி கோபப்படவில்லை.

"அந்த ஆத்துல என்னைத்தானே சுண்ணாம்பு சேர்த்து ஸ்ரீசூர்ணம் இழைக்கச் சொல்லுவா?"

"ஆமாம். மாட்டுப்பொண்ணுதான் இழைக்கணும்."

"அப்போ சரி" என்றாள் அவள். "நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே அப்பா."